டிஸ்க் திரும்பி வந்த அரை மணி நேரம்

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது மடிக்கணினி உறைந்தது. அடுத்து நீலத் திரை. தானாக மறுபடி தொடங்கியபோது, பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்றது. பயாஸில் போய்ப் பார்த்தால் என் எஸ்எஸ்டியின் பெயரே அங்கே இல்லை.

உண்மை அறியும் குழுவாக நாங்கள் ஒரு ஊரில் பதிவு செய்த வாக்குமூலங்கள் அதில்தான் இருந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் வழக்கில் பாதி நாட்கள் போய்விட்டன.

ரிஸ்டார்ட் செய்தால் வரவில்லை. முழுவதும் அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால் வந்தது. அரை மணி நேரத்தில் மறுபடி போனது. வைரஸ் என்றார் ஒருவர், ராம் என்றார் இன்னொருவர். ஈவென்ட் வியூவரில், கணினி எதிர்பாராமல் நின்றது என்பதைத் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை. கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவனிடம் கேட்டேன். “எழுதுற நோட்டே காணாமப் போயிட்டா, எதுல அக்கா எழுதும்?” என்றான்.

ரிஸ்டார்ட்டில் டிஸ்க்குக்குப் போகும் மின்சாரம் பெரும்பாலும் நிற்பதில்லை. முழுவதும் அணைத்தால்தான் அதன் கன்ட்ரோலர் புதிதாகத் தொடங்கும். அணைத்துப் போட்டால் மட்டும் வருகிறது என்றால், முதலில் டிஸ்க்கையும் அதன் இணைப்பையும் சந்தேகிக்க வேண்டும். கழற்றித் திரும்பப் பொருத்தினேன். இரண்டு நாள் தாங்கியது. பவர் ஆப்ஷனில் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை நிறுத்தினேன். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். பலனில்லை. டிஸ்க்கைச் சோதிக்கும் மென்பொருளோ கடைசிவரை ‘நல்ல நிலை’ என்றே காட்டியது. புது டிஸ்க்தான் தீர்வானது.

கடையில் பாஸ்வேர்டோடு விட்டுப் போகச் சொன்னார்கள். புகார் கொடுத்தவர்களின் பெயரும் முகமும் அதில் இருக்கின்றன. யார் கண்ணில் படும் என்று தெரியாமல் எப்படி விடுவது? கடைக்காரர் அருகிலேயே உட்கார்ந்து மாற்றி வாங்கினேன்.

என் தவறு வேறு. டிஸ்க் முதல்முறை திரும்பி வந்த அரை மணி நேரத்தை செட்டிங்ஸில் கழித்தேன். அப்போதே வெளி டிஸ்க்கில் நகல் எடுத்திருக்க வேண்டும். பிறகு விட்டுவிட்டு எடுத்ததில் எல்லாம் வந்தது, ஒரு ஆடியோவைத் தவிர. போனில் இருந்த மூலத்தை, இடம் போதவில்லை என்று நானே அழித்திருந்தேன்.

திரும்பவும் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். “அன்னைக்கே எல்லாம் சொன்னேனே, கண்ணு” என்றார். பிறகு சொன்னார். மகனை அடித்த இடம் வந்ததும் முதல்முறை போலவே நிறுத்தினார். முதல்முறை அழாதவர் இந்தமுறை அழுதார்.

இப்போது எங்கள் குழுவில் வழக்கம் இதுதான். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு நகல்கள், இரண்டு பேரின் கையில், பூட்டுச்சொல் போட்டு. போனில் இருக்கும் மூலத்தை அழிப்பதில்லை. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது அது எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். டிஸ்க் மறைந்து திரும்பி வந்தால் முதலில் நகல். காரணம் தேடுவது அப்புறம்.

டிஸ்க்கைக் காசு கொடுத்து மாற்றிவிடலாம். அந்த அம்மாவை இன்னொரு முறை சொல்லச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.