எட்டு அறை அட்டைப்பெட்டி

உங்கள் செல்போனில் குழாய் ரிப்பேர்காரரின் நம்பரை எப்படிப் போட்டு வைத்திருக்கிறீர்கள்? ‘செல்வம்’ என்றா, ‘பிளம்பர் செல்வம்’ என்றா? இரண்டாவது என்றால், டேட்டா ஸ்ட்ரக்சரின் பாதி ரகசியம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது புரிய ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

1991. ரத்ததானம் செய்பவர்களின் பட்டியல் வைத்திருந்த ஒரு தன்னார்வக் குழுவுக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். மூவாயிரம் பேர். பெயர், விலாசம், ரத்த வகை, போன் (பாதிப் பேருக்கு பி.பி. நம்பர்தான்). எல்லாவற்றையும் பெயர்வாரியாக அடுக்கினேன். அடுக்கிவிட்டால் ‘பைனரி சர்ச்’ செய்யலாம். டெலிபோன் டைரக்டரியை நடுவில் பிரித்து, வேண்டிய பெயர் முன்னாலா பின்னாலா என்று பார்த்துப் பாதியைத் தள்ளிவிடுவது. மறுபடி பாதி. பத்து லட்சம் பெயர் இருந்தாலும் இருபதே வெட்டில் ஆள் அகப்பட்டுவிடுவார். டெமோவில் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம், இரவு பதினோரு மணிக்கு போன். பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகடிவ் வேண்டும். அந்த நேரத்தில் யாரும் ‘ராமநாதன் நம்பர் இருக்கா?’ என்று கேட்பதில்லை. என் ப்ரோக்ராம் மூவாயிரத்தையும் மேய்ந்து நாற்பது பெயர்களைத் துப்பியது, அகரவரிசையில். முதல் ஆள் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்று மாதம் ஆகவேண்டும். இரண்டாமவர் டெல்லிக்கு மாற்றலாகியிருந்தார். மூன்றாமவரின் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தில் திட்டினார்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பட்டியலைப் பார்த்துக்கொண்ட பெரியவர், “சார், கொஞ்சம் நகர்றீங்களா?” என்று ஒரு ஷூ பெட்டியைத் திறந்தார். உள்ளே அட்டை வைத்துத் தடுத்த எட்டு அறைகள், வகைக்கு ஒன்று. ரத்தம் கொடுத்தவரின் கார்டு அறையின் கடைசிக்குப் போய்விடும். ஆகவே முன்னால் நிற்பவர், கொடுத்து ரொம்ப நாளானவர். முதல் கார்டை எடுத்து டயல் செய்தார். “தம்பி, தூங்கிட்டீங்களா? ஆட்டோ அனுப்பட்டுமா?”

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அறை அறையாகப் பிரித்தது ‘பக்கெட்’. கொடுத்தவரைக் கடைசிக்கு அனுப்பியது ‘க்யூ’. 1953-ல் ஐ.பி.எம்.மின் ஹான்ஸ் பீட்டர் லூன், எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு எந்த பக்கெட் என்று நேராகப் போய் எடுக்கும் வழியை எழுதிவைத்தார். அதுதான் ‘ஹாஷிங்’. ஆனால், எதுவும் ஓசியில்லை. ஹாஷிங்கில் குறிப்பிட்ட ஒரு ஆளை உடனே பிடிக்கலாம். அகரவரிசையில் அடுத்தவர் யார் என்றால் முழிக்கும். வரிசையாக அடுக்கிய பட்டியலில் அது சுலபம். புதுசாக ஒருவரை நடுவில் சேர்க்க, பின்னால் இருக்கும் அத்தனை பேரையும் நகர்த்தவேண்டும். ‘லிங்க்டு லிஸ்ட்’டில் எங்கு வேண்டுமானாலும் சொருகலாம், ஆனால் நடுவுக்குத் தாவமுடியாது, முதலிலிருந்து நடக்கவேண்டும்.

எது சிறந்தது என்று கேட்காதீர்கள். யார், எந்த நேரத்தில், என்ன கேட்டு வருவார்கள் என்று கேளுங்கள். நான் தகவல் வந்த வரிசையைப் பார்த்தேன். பெரியவர் கேள்வி வரும் வரிசையைப் பார்த்தார்.

ப்ரோக்ராமை மாற்றி எழுதிய பிறகு, “இதெல்லாம் எங்கே படிச்சீங்க?” என்று கேட்டேன்.

“படிப்பெல்லாம் இல்லை சார். ஆர்.எம்.எஸ்.ல சார்ட்டர். ஓடற ரயில்ல முப்பது வருஷம் கடுதாசி பிரிச்சேன்.”