வேட்டித்துணியில் தெரியும் நிறம்

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே ஒரு கட்டிலைச் சுற்றிச் சலசலப்பு. பிறந்து இரண்டு நாளான ஆண் குழந்தைக்குக் கட்டியிருந்த வேட்டித்துணியை ஆச்சி விரித்துப் பிடித்திருக்கிறார். நடுவில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த கறை. "சிஸ்டர், பிள்ளைக்கு ரத்தமா போகுது, வந்து பாருங்க!"

சிஸ்டர் துணியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கையுறை விரலால் கறையைத் தேய்த்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "ரத்தம்னா துணிக்குள்ள ஊறியிருக்கும் ஆச்சி. இது மேலாப்புல செங்கல் பொடி மாதிரி நிக்குது பாருங்க. உப்புதான்."

யூரிக் அமில உப்பின் படிகங்கள் அவை. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுரக்கும். சிறுநீரும் குறைவாக, அடர்த்தியாக வரும். படிகங்கள் துணியில் தங்கிவிடும். நிறையப் பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு.

பயமில்லை என்று சொல்லிவிட்டு சிஸ்டர் நகர்ந்துவிடவில்லை. நேற்றிலிருந்து எத்தனை துணி நனைந்தது என்று கேட்டார். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடிக்கொண்டே போய், ஆறாம் நாள் வாக்கில் தினம் ஆறு தடவையாவது நனைய வேண்டும். டயப்பர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் இந்தக் கணக்குப் பிடிபடாது. முதல் வாரத்துக்கு வெள்ளைத் துணியே நல்லது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

தாய்க்கு சிசேரியன். அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பிள்ளை காம்பை மட்டும் பிடிக்காமல் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வும்படி பிடித்துக் காட்டினார். சிறிது நேரத்தில் விழுங்கும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் சீனித்தண்ணி தொட்டு வைக்கட்டுமா?" என்றார் ஆச்சி. "ஒரு சொட்டுகூட வேண்டாம். வயிறு ரொம்பிட்டா பால் குடிக்க மாட்டான். அவன் குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும்."

ஐந்தாம் நாளுக்குப் பிறகும் இந்தக் கறை வந்தால் பால் போதவில்லை என்று பொருள். பிள்ளை எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வர வேண்டும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் பிறப்புறுப்பிலிருந்து ஓரிரு சொட்டு ரத்தம் கசிவது தாயின் ஹார்மோன் உடம்பிலிருந்து குறைவதால், தானே நின்றுவிடும். மற்றபடி துணியில் ரத்தம் என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கீழே குழந்தைகள் ஓ.பி.யில் பார்த்ததுதான் மனதைப் பிசைந்தது. சளிக்காக வந்த நான்கு வாரக் கைக்குழந்தை. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. "காலை வெயில்ல காட்டுறோம் டாக்டர்" என்றார் தாய். டாக்டர் துணியை அவிழ்க்கச் சொன்னார். சிறுநீர் பட்ட இடமெல்லாம் அழுத்தமான மஞ்சள். அடுத்த கேள்வி, "மலம் என்ன நிறத்துல போகுது?" தாய் யோசித்து, "வெளுப்பாத்தான் போகுது" என்றார்.

பிறந்த குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் மஞ்சள் காமாலையில், ரத்தத்தில் கூடும் பிலிருபின் நீரில் கரையாது. அதனால் சிறுநீர் நிறமில்லாமலே இருக்கும். கல்லீரல் பக்குவப்படுத்திய 'நேரடி' பிலிருபினோ நீரில் கரையும். பித்தநாளம் அடைத்திருந்தால் அது குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்துக்கே திரும்பிச் சிறுநீரில் இறங்குகிறது. சிறுநீர் மஞ்சளாகும், மலம் வெளுக்கும். பிள்ளை பால் குடித்து எடை கூடி வருவதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இந்தப் பித்தநாள அடைப்புக்கான அறுவை சிகிச்சையை 1950களில் ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் உருவாக்கினார். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளிப்போகப் போகக் கல்லீரல் கெட்டுப்போகும். தைவானில் 2004 முதல் மல நிற அட்டையைப் பெற்றோரிடம் கொடுத்து நாடு முழுக்கக் கண்காணிக்கிறார்கள். நம் ஊரில் டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கும்போதே அப்படி ஓர் அட்டையைத் தாயின் கையில் வைத்து, இரண்டு வாரம் தாண்டிய மஞ்சளை வெயிலுக்கு விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

டாக்டர் நேரடி பிலிருபினைத் தனியாகப் பார்க்கச் சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வயிற்று ஸ்கேனுக்கும் சீட்டு. "நாளைக்கு வரலாமா டாக்டர்?" என்று தாய் கேட்டதற்கு, "வேண்டாம்மா, இன்னைக்கே எடுத்துட்டு ரிசல்ட்டோட வாங்க" என்றார்.