அளவுகோலைத் திருத்தலாமா?



முத்துக்குளித்துறையில் முத்துக்களைத் தரம் பிரிக்க, துளையளவு படிப்படியாக வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளை நம் முன்னோர் கையாண்டனர். வணிகர் ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு துளையைச் சற்றே அகலப்படுத்தியிருந்தால், அவருடைய முத்து மட்டுமா தரம் மாறியிருக்கும்? அதன்பின் அச்சல்லடையில் விழுந்த முத்துக்கள் அனைத்துக்குமே பொய்ச்சான்று கிடைத்திருக்கும்.

முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்ட இக்கரையிலிருந்து இன்று பனியில் உறைந்த இறால் கப்பலேறுகிறது. சல்லடையின் இடத்தில் ஆய்வுக்கூடம் நிற்கிறது. அத்தகைய ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். "சாமி, கப்பலுக்கு நேரமாகிறதாம். சோதனை நேரத்தைப் பாதியாகக் குறைத்து முடிவு தரச் சொல்கிறார்கள். அப்பாவால் இப்போது கடலுக்குப் போக முடியவில்லை. என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

அவர் விளக்கியது இது. இறால் வளர்ப்பில் நைட்ரோபியூரான் வகை மருந்துகள் தடை செய்யப்பட்டவை. அம்மருந்து இறாலின் உடலில் விரைவில் சிதைந்துவிடும். ஆனால் அதன் எச்சம் தசையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அமிலத்தால் அதைப் பிரித்து, ஒரு வேதிப்பொருளோடு சேர்த்து, 37 பாகை வெப்பத்தில் இரவு முழுவதும், ஏறத்தாழ 16 மணி நேரம் வைப்பது வழக்கமான முறை. நேரத்தை வெறுமனே வெட்டினால் எச்சம் முழுவதும் பிரியாமல் போகலாம். உள்ளது இல்லாததுபோல் தோன்றும். ஐரோப்பிய ஒன்றியமோ, கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பை 2022 நவம்பரில் 0.5 ஆகக் குறைத்துவிட்டது.

அப்படியானால், அங்கீகரிக்கப்பட்ட முறையை யாரும் தொடவே கூடாதா? அவ்வாறன்று. அம்மருந்துகளுள் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும் செமிகார்பசைடு என்னும் பொருள், மருந்தே காணாத நன்னீர் இறாலின் ஓட்டிலும் இயற்கையாக இருக்கக்கூடும் என்பதை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. எனவே, "ஓட்டை நீக்கித் தசையை மட்டும் சோதியுங்கள்" என்னும் வேண்டுகோள் நியாயமானதே. மாற்றம் கேட்பது குற்றமன்று; மெய்ப்பிக்காமல் மாற்றுவதே குற்றம். ஆய்வுக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 நெறியும் மாற்றத்தை முற்றிலும் தடுப்பதில்லை. அம்மாற்றத்துக்குத் தக்க காரணம் வேண்டும், அது எழுத்தில் பதிவாக வேண்டும், பொறுப்புடையோர் அனுமதிக்க வேண்டும், வாடிக்கையாளர் ஏற்க வேண்டும் என்றே அது கேட்கிறது.

நமக்கு இது புதிதன்று. திருவழிபாட்டில் தம் விருப்பப்படி எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ குருவுக்கும் உரிமையில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வகுத்தது. அதே ஏடுதான் தாய்மொழி வழிபாட்டுக்கும் வழி திறந்தது. இலத்தீன் தமிழானது ஏதோ ஒரு குருவின் அவசரத்தால் அன்று; உரியவர்கள் ஆராய்ந்து ஒப்புதல் அளித்ததால்.

"வேண்டுகோளை எழுத்தில் தரச் சொல். எச்சத்தின் அளவு முன்பே தெரிந்த மாதிரிகளைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் சோதித்து ஒப்பிட்டுக் காட்டு. அதுவரை பழைய முறையே" என்றேன். அவர் அவ்வாறே செய்தார். எழுத்தில் கேட்டதும், கேட்டவர்கள் மௌனமாகிவிட்டனர். கப்பல் அச்சரக்கின்றியே புறப்பட்டது. அவருடைய வேலை நிலைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. அந்த வீட்டின் கவலையைச் சொற்களால் ஆற்றிவிட முடியாது. அவர்களுக்குத் துணைநிற்பது பங்குக் குடும்பங்களாகிய நம் கடமை.

1997 ஆகஸ்டில் இந்தியக் கடலுணவுக்கு ஐரோப்பா கதவடைத்தபோது, தூய்மை பேணியவரும் பேணாதவரும் ஒருசேர இழப்புக்கு ஆளாயினர். ஒருவர் வளைக்கும் அளவுகோல் ஊர் முழுவதன் பெயரையும் வளைக்கும். முகமறியாத ஒரு குழந்தையின் உணவுத்தட்டுக்கும் நாம் பொறுப்பாளிகள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போமாக.