வலைக்கு முன்னால் கண்

பாம்பன், தங்கச்சிமடம் கரையோரங்களில் வீச்சுவலை வீசுபவர்களைப் பார்க்க நிற்பவர்கள் அவர்களுடைய கையைத்தான் கவனிப்பார்கள். ஈயக்குண்டு கோத்த விளிம்பு வட்டமாக விரிந்து நீரில் விழும் அழகு அப்படி. ஆனால் இந்தக் கரையில் நான் கண்டவரை, கை உயர்வதற்கு முன்பே வீச்சின் தரம் முடிவாகிவிடுகிறது. முழங்காலளவு நீரில் நிற்பவர் வலையைத் தோளிலும் கையிலுமாகப் பிரித்துப் பிடித்தபடி, தலை அசையாமல் ஓரிடத்தையே பார்க்கிறார். பார்வை அங்கே நிலைக்காவிட்டால் வீசுவதில்லை. மடவை மீன் கூட்டம் கலைந்தால் வலையைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி நடக்கிறார். வாடைக்காலத்தில் வடகடல் கலங்கும்போது மீனே கண்ணில் படாது. நீர்ப்பரப்பில் ஓடும் சிலிர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது கண். தெளிந்த நீரிலும் சிக்கல் உண்டு. நான்கடி ஆழத்தில் இருக்கும் மீன், நேர்மேலிருந்து பார்த்தால் மூன்றடியில் இருப்பதுபோல் தெரியும். இத்தனை ஏமாற்றுக்கும் பழகிய கண் அது. குறி பார்க்கும் விளையாட்டு எதுவானாலும் துல்லியம் இப்படி நிலைக்கும் பார்வையில்தான் தொடங்குகிறது, அதைப் பயிற்றுவிக்கவும் முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், கூடைப்பந்தில் தடையற்ற எறிதலை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தேர்ந்தவர்களின் கண், எறியும் அசைவு தொடங்குமுன் வளையத்தின் ஒரு புள்ளியில் மற்றவர்களைவிட நீண்ட நேரம் தங்கியது. மூன்று பாகைக்குள், குறைந்தது நூறு மில்லி நொடியாவது நிலைக்கும் இத்தகைய பார்வையைப் பின்னர் கோல்ஃப், துப்பாக்கி சுடுதல் போன்றவற்றிலும் அளந்தார்கள்.

திறமை வந்த பிறகு பார்வை தானாக நிலைக்கிறது, பார்வையால் திறமை வரவில்லை என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயமான ஐயம்தான். ஆனால் பார்வையை மட்டும் குறிவைத்துப் பயிற்சி கொடுத்த ஆய்வுகளும் வந்துவிட்டன. விக்கர்ஸும் ஹார்லும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழக மகளிர் அணியின் எறிதல் வெற்றி இரண்டு பருவங்களில் சுமார் 54 விழுக்காட்டிலிருந்து 77 வரை உயர்ந்தது. ஓர் அணியை வைத்து எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட முடியாது என்றாலும், பார்வை திறமையின் விளைவு மட்டுமே என்ற வாதம் இதனால் பலவீனமாகிறது. வளையம் அசையாது, மீன் ஓடுமே என்பது அடுத்த கேள்வி. பறக்கும் களிமண் தட்டைச் சுடுபவர்களைப் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்விலும், சிறந்தவர்களின் கண் இலக்கை முன்னதாகவே பற்றி அதிக நேரம் தொடர்ந்தது தெரியவந்தது. வலைதான் அகலமாயிற்றே, துல்லியம் எதற்கு என்றும் கேட்கலாம். வலை நீரில் தாழும் நேரத்துக்குள் மடவை விலகிவிடும். ஆகவே மீன் போகப்போகும் இடத்தைக் கண் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மீனவர்களின் கண்ணசைவைக் கருவி வைத்து நான் அளக்கவில்லை. நின்று பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

குறியெறிதல் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1795 வாக்கில் சிவகங்கையை ஆண்ட சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும், வளைந்த எறிபடையான வளரியை வீசவும் கற்றுக்கொடுத்ததாக ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1801இல் ஆங்கிலேயரை எதிர்த்த மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள், ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வளரியைப் பழக்கிய ஆசான்களின் தொடர்ச்சி பெரும்பாலும் அறுந்துபோனது. ஆனால் வீச்சுவலைக்காரர்களின் கண் இன்னும் நம்மிடம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் மாணவரின் கையைத் திருத்துமுன் அவர் எங்கே பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று கேட்க வேண்டும். கரையிலிருந்து ஒரு வீச்சுவலைக்காரரை மைதானத்துக்கு அழைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அவருடைய அன்றைய வருமானத்தையும் கொடுத்துவிடுங்கள்.