இரும்புக்கு ஒரு ஜாதகம்

பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதுவது நம் வழக்கம். மாடு வாங்கப் போனால் சுழி பார்ப்போம். இரும்புத் துண்டுக்கும் ஜாதகம் எழுதுகிறார்கள் என்று என் பாட்டியிடம் சொல்லியிருந்தால், அவள் என் நெற்றியில் விபூதி இட்டுப் படுக்கச் சொல்லியிருப்பாள். ஆனால் இன்றைக்குத் தொழிற்சாலைகளில் அதுதான் நடக்கிறது.

பெட்டிக்கடையிலும் இளநீர் வண்டியிலும் பணம் கட்டுவதற்காக ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரத்தை எல்லோரும் பார்க்கிறோம். க்யூ.ஆர். கோடு என்று பெயர். காசு வாங்குவதற்கென்றே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பிறந்த வீடு ஜப்பானில், மோட்டார் வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் டென்ஸோ கம்பெனி. பிறந்த வருஷம் 1994.

அதற்கு மூத்தது பார்கோடு. 1974 ஜூன் 26-ம் தேதி, அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து டிராய் நகரக் கடையொன்றில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் மேலிருந்த கோடுகளை யந்திரம் படித்து விலை போட்டது. கடைக்கு அது போதும். தொழிற்சாலைக்குப் போதவில்லை. அதில் ஏறுவது சுமார் 20 எழுத்துக்குள் அடங்கும் சங்கதிதான். ஒரே வண்டியைப் பல விதமாகக் கேட்கும் காலம் வந்தபோது, பெட்டிக்குப் பெட்டி நாலைந்து, சில சமயம் பத்துப் பட்டைகள்கூட ஒட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டித் தொழிலாளி அலுத்துப்போனான்.

இந்த அலுப்பைத் தீர்க்க முனைந்தவர் மஸாஹிரோ ஹாரா என்ற இஞ்சினீயர். மத்தியான இடைவேளையில் 'கோ' ஆடும் பழக்கம் அவருக்கு. நம் ஆடு புலி ஆட்டம் போலக் கோடு கீறிய பலகையில் கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து ஆடுவது. பட்டை ஒரு திசையில்தான் பேசும். கட்டமோ குறுக்கிலும் நெடுக்கிலும் பேசும் என்று அந்தப் பலகை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. மூன்று மூலைகளில் இருக்கும் சிறு சதுரங்கள் யந்திரத்தின் கண்ணுக்கு வழிகாட்டி. அச்சிட்ட வேறு காகிதங்களில் தற்செயலாக வந்துவிடக் கூடாதே என்று நோட்டீஸ், பத்திரிகை, அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் அலசி, கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தைப் பிடித்தார்கள். 7,000 இலக்கங்கள் வரை அதில் அடங்கும். எண்ணெய்க் கறை பட்டு ஒரு பகுதி மறைந்தாலும், மிச்சத்தைக் கொண்டு யந்திரம் படித்துவிடும்.

2011-ல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில், இந்த வழியில் இன்னும் வெகுதூரம் போவதற்கு 'இண்டஸ்ட்ரி 4.0' என்று நாமகரணம் செய்தார்கள். சாமான் தன்னைப் பற்றித் தானே சொல்லும். யந்திரம் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப வேலை செய்யும்.

தூரத்து உறவில் எனக்கு ஒரு மாமா. மோட்டார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக 30 வருஷம் இருந்தவர். எந்தப் பெட்டி எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புதிதாக வரும் மானேஜர்கள் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். ஒரு நாள் அவர் கையில் ஒரு ஸ்கானரைக் கொடுத்தார்கள். "துப்பாக்கி மாதிரி இருக்கிறது. பெட்டியைப் பார்த்துச் சுட வேண்டுமாம். என் தலையில் இருந்ததையெல்லாம் ஒரு ஒட்டுக் காகிதம் வாங்கிக்கொண்டுவிட்டது, அப்பா" என்றார்.

பிறகு ஒரு சாயங்காலம், பிரேக் பாகம் ஒன்றில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்ததாம். சதுரத்தைப் படித்தார்கள். எந்த உலை, எந்த ஷிப்ட், உடன் பிறந்தவை எந்தெந்தப் பெட்டியில் என்று எல்லாம் வந்து நின்றது. ராத்திரிக்குள், லாரி ஏறும் முன்பே அத்தனையையும் நிறுத்திவிட்டார்கள்.

"அலமாரியை நான் சொல்லியிருப்பேன். எந்த உலையில் வார்த்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிரேக்கை மிதிக்கப் போகிறவன் எந்த வீட்டுப் பிள்ளையோ!" என்றார் மாமா. அதற்கப்புறம் ஸ்கானரை அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

மாதக் கடைசியில் ஒரு காகிதம் வந்தது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே அவர் எத்தனை நிமிஷம் எடுத்துக்கொண்டார் என்ற கணக்கு. டீ குடிக்கப் போன 11 நிமிஷமும் அதில் இருந்தது. மாமா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இது தம்மிடமே இருக்கட்டும் என்று கேட்டதற்கு, ஆபீஸ் சொத்து என்று சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம்.

இரும்பின் கதையைத் தெரிந்துகொள்ள வைத்த குறி, அதைத் தொட்டவனின் கதையையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. முதலாவது ஓர் உயிரைக் காக்கும் என்பதைப் பார்த்துவிட்டோம். அதை வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் நம் வீடுகளில் ஜாதகம் அவரவர் பெட்டியில்தான் இருக்கும். வேளை வரும்போது எடுத்துப் பார்க்கலாம். தப்பாகக் கணித்திருந்தால் ஜோசியரிடம் சண்டையும் போடலாம். இரும்பின் ஜாதகம் கம்பெனியிடம் இருந்துவிட்டுப் போகட்டும். மனிதனுடையதில் ஒரு பிரதி அவன் கைக்கும் வர வேண்டும் என்று மாமா கேட்டது பேராசையாக எனக்குப் படவில்லை.