மருமகனுக்கு ஊரைச் சுத்திக் காட்டினேன்

எங்க அக்கா மகன் கனடாவில் இருந்து வந்திருந்தான். அக்கா பங்கு நஞ்சை அறுபது சென்ட் இங்க கிடக்கு. நான்தான் வாழை போட்டுட்டு வாரேன். அதை வித்திரலாமான்னு கேக்கத்தான் வந்திருக்கான். ஆனா வந்த உடனே அதைப் பேசல. "மாமா, நம்ம ஊர்ல பாக்கதுக்கு என்ன இருக்கு?"ன்னான். மறுநாள் காலையிலேயே வண்டியில ஏத்திட்டேன்.

முதல்ல கள்ளபிரான் கோயில். நவதிருப்பதியில் ஒண்ணு. களவாண்டதில பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்த கள்ளனைக் காப்பாத்த, பெருமாளே கள்ளன் வேஷத்தில வந்த கதையைச் சொன்னேன். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் ஆறாம் தேதி காலை வெயில் பெருமாள் மேல நேரா விழும்னும் சொன்னேன். அப்புறம் கைலாசநாதர் கோயில். குமரகுருபரர் பிறந்த ஊர்டா இதுன்னு அதையும் சேத்துக்கிட்டேன்.

பாலம் தாண்டித் தென்கரைக்குப் போனா ரயில்வே ஸ்டேஷன். 2023 டிசம்பர் வெள்ளத்தில செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னது இங்கதான். சுத்தியும் தண்ணி. அத்தனை பேர் உள்ளே மாட்டிக்கிட்டாங்க. பக்கத்துப் புதுக்குடி சனங்கதான் பொங்கிப் போட்டாங்க. அந்த வெள்ளத்தில நம்ம வாழையும் ஒரு வாரம் தண்ணியில நின்னு அழுகிப் போச்சு.

அங்கிருந்து ஆதிச்சநல்லூர் பக்கம்தான். 1876-ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து தோண்டி, கிடைச்சதையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டு போனார். பிறகு அலெக்சாண்டர் ரீ. இப்ப 2023-ல இங்கேயே அருங்காட்சியகம் திறந்திருக்காங்க. கண்ணாடித் தளத்தில நின்னு குனிஞ்சா, கீழே குழியில தாழிங்க இருந்த இடத்திலேயே இருக்கு. ரீ தோண்டினப்போ தாழிக்குள்ள இருந்த சின்னப் பானைகள்ல நெல் உமியும் கிடைச்சிருக்கு. "அப்பவே இங்க நெல்லா மாமா?"ன்னு கேட்டான். கொஞ்ச நேரம் பேசாம நின்னான்.

திரும்பி வரும்போது பாலத்துப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னான். "அது என்ன மாமா?"

"அணைக்கட்டுடா. தினமும் பாக்கறதுதான். இதில என்ன இருக்கு, வா."

"எந்த வருஷம் கட்டினது?"

எனக்கு வாய் வரல. இந்த வடகால் தண்ணியிலதான் நாப்பது வருஷமா விவசாயம் பாக்கேன். கள்ளனுக்குப் பெருமாள் கொடுத்த காட்சி தெரியும், பெர்லினுக்குப் போன பானை தெரியும். இது தெரியல. அவன்தான் போனில் பார்த்துச் சொன்னான், 1873. தாமிரபரணியோட எட்டு அணையில் கடைசி இது. வடகால், தென்கால் ரெண்டும் சேந்து 25,000 ஏக்கருக்கு மேல பாயுது. இதைத் தாண்டிப் போற தண்ணி கடலுக்குத்தான்.

அவன் இருக்கறது ஒட்டாவா பக்கம் மெர்ரிக்வில்னு ஒரு சின்ன ஊர். அங்க ரிடோ கால்வாய் ஓடுது. 1832-ல திறந்தது. படகை ஏத்தி இறக்குற கதவுகள்ல பெரும்பாலானதை இன்னைக்கும் ஆள் நின்னு கையாலதான் சுத்தித் திறக்காங்களாம். 2007-ல உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாச்சு. கோடையில சனம் சாப்பாடு கட்டிட்டு வந்து கரையில உக்காந்து கதவு திறக்கறதை வேடிக்கை பாக்குமாம்.

"அந்தக் கால்வாயால இன்னைக்கு யாருக்கும் சோறு கிடையாது மாமா. இது இன்னும் வேலை பாக்குதே"ன்னான்.

அவன் கூட நின்னு நானும் பார்த்தேன். அணைக்கு மேல மணல் மேடு தட்டிக் கிடக்கு. கருவேலம் முளைச்சிருக்கு, அமலைச் செடி மூடியிருக்கு. இத்தனை வருஷமும் இதைப் பார்த்துட்டுதான் போயிருக்கேன். கண்ணில படவே இல்ல. கோயில்ல ஒரு கல் பேந்தா ஊரே கூடும். அணையில மண் நிறைஞ்சா, முறைத் தண்ணி குறையற அன்னைக்குத்தான் நமக்கு உறைக்கும்.

சாயங்காலம் வயலுக்குக் கூட்டிட்டுப் போனேன். மடையைத் திறக்கச் சொன்னேன். மண்வெட்டி பிடிக்கத் தெரியாம கால்ல போட்டுக்கப் பார்த்தான். தண்ணி வாழைக்குள்ள ஓடுறதைக் கடைசி வரிசை நனையற வரைக்கும் நின்னு பார்த்தான்.

வயலை விக்கணுமா வேண்டாமான்னு அவன் சொல்லல. நானும் கேக்கல. ஊருக்குப் போன பிறகு அக்காகிட்ட பேசிட்டுச் சொல்லுதேன்னிருக்கான்.

உங்க ஊருக்கும் விருந்தாளி வந்தா கோயிலைக் காட்டுங்க. அப்படியே குளத்து மடையையும் காட்டுங்க. வருஷத்தை மட்டும் முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க.