நீல உதடு

அக்கா மகனுக்கு மூணு மாசம். அழுதால் உதடு நீலமாகிவிடும். "புள்ளைக்குக் குளுருது கண்ணு" என்று அப்பத்தா துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கோவையில் எக்கோ எடுத்தபோதுதான் தெரிந்தது: ஃபாலோ டெட்ராலஜி. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். முழு ஆபரேஷன் பிறகுதான். இப்போதைக்குக் கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு ஒரு சின்னக் குழாய் வைப்பார்களாம்.

ராத்திரி நெட்டில் தேடினேன் (பரீட்சைக்குக்கூட இப்படித் தேடியதில்லை!). 1944 நவம்பர் 29, பால்டிமோர். ஹெலன் டாசிக்கின் யோசனைப்படி பிளலாக் முதன்முதலில் இந்த மாதிரி இணைப்பைச் செய்தபோது, பின்னால் ஸ்டூல் மேல் நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ். கறுப்பர், தச்சுவேலை பார்த்தவர். டாக்டருக்குப் படிக்கச் சேர்த்த பணம் வங்கி திவாலில் போய்விட்டது.

ஐசியூவில் பார்த்துவிட்டு வந்த மாமாவிடம் அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "உதடு செவந்துருச்சுங்களா மாப்ள?"

"ஆமாங்" என்பதற்குள் மாமாவுக்கு அழுகை வந்துவிட்டது.